எட்டு பாயிண்டில் எங்கள் வீடு

அத்தியாயம் பதினொன்று

“படி. நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சத்தமா படி.”

“எழுதினதே நான்தான் அத்தான். எனக்கு மனப்பாடம். நீங்க படிங்க, உங்களுக்குத்தான் புதுசு.”

“பேச்சைப் பாரு. செய்யறதையும் செஞ்சுட்டு.”

“செஞ்சது நான். பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க.”

அத்தான் கையிலிருந்த வார இதழைச் சுருட்டினார். அடித்துவிடுவாரோ என்று யாரும் பதற வேண்டியதில்லை. அவருக்குக் கையில் எதையாவது சுருட்டாமல் பேச்சு வராது. சுருட்டியதை மேசைமேல் ஒரு போடு போட்டார். பிரஷ்கள் நின்றிருந்த தகர டப்பா துள்ளி உட்கார்ந்தது.

எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். காலை ஒன்பது மணிக்கு அந்த மிஷின் நின்றால் எதிர் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெருவுக்கே தெரியும். மனிதர் காஜா எடுப்பதாகச் சொல்லிக்கொள்வார். காதைத்தான் எடுத்து ஜன்னலில் வைத்திருப்பார்.

நடந்தது இதுதான். கீழே விளம்பர ஸ்டுடியோ, மேலே குடித்தனம் என்று அத்தான் பதினைந்து வருடமாக நடத்திவருகிறார். தலைப்பு வாசகம் யோசிப்பது அவர். அதைப் பெரிய எழுத்தாக வரைவது அக்கா. அச்சகத்திலிருந்து வரும் புரூஃபைக் கத்தரித்து அட்டையில் ஒட்டுவது அக்காவின் தங்கை. விரல் நுனி எப்போதும் பிசுபிசுவென்று இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் கோந்து. ‘கொஞ்ச நாளைக்கு’ என்று ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். ஆறு வருடம் ஆகிறது. பெயர்ப் பொருத்தம் அப்படி.

போன வாரம் ஒரு ரேடியோ கம்பெனிக்காக முழுப்பக்க விளம்பரம் தயாரானது. சட்டைப்பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர். அத்தான் மூன்று நாள் மாடிப்படியில் ஏறி இறங்கி, ‘சட்டைப்பையில் ஒரு சங்கீத சாகரம்’ என்று ஒரு வரியைப் பெற்றெடுத்தார். அக்கா அதற்கு நிழல் போட்டாள், நிழலுக்கும் நிழல் போட்டாள், ஒவ்வொரு ‘ச’வின் வாலையும் அலைபோல இழுத்துவிட்டாள். கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி. ஒன்று போதாதா என்று கோந்து கேட்டதற்கு, “சாகரம்னா சும்மாவா” என்றார் அத்தான்.

தலைப்புக்குக் கீழே வரவேண்டிய சின்ன எழுத்து வாசகத்தைக் கம்பெனி அனுப்பவேண்டும். பாட்டரி எத்தனை, எடை எவ்வளவு, எந்தெந்தக் கடையில் கிடைக்கும் என்ற விவரம். அது வரும்வரை அந்த இடம் காலியாக இருந்தால் பக்கம் பொக்கைவாய் மாதிரி இருக்கும். மற்ற ஸ்டுடியோக்களில் பழைய செய்தித்தாளை நறுக்கி ஒட்டுவார்கள். கோந்துவுக்கு அது பிடிக்காது; வரியின் அகலம் ஒத்துவராது. அவளே ஏதாவது நாலு வரி எழுதி, அச்சகத்தில் எட்டு பாயிண்டில், அதாவது கடுகு மாதிரிப் பொடி எழுத்தில், கோக்கச் சொல்லி, அதை ஒட்டிவைப்பாள். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அந்த அளவு எழுத்தை அந்த வீட்டில் யாரும் படித்ததில்லை.

இந்த முறை கம்பெனியின் வாசகம் கடைசி நாள்வரை வரவில்லை. அத்தான் வழக்கம்போல கை நீட்டிய தூரத்தில் அட்டையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ‘பிரமாதம்’ என்று மூலையில் கையெழுத்துப் போட்டார். வாசகம் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. அட்டை அச்சுக்கு பிளாக் எடுக்கப் போனது. இன்று விடியற்காலை இதழ் கடைக்கு வந்தது; அத்தானுக்கு அதைப் படித்துக் காட்டியவர் எதிர்க்கடைத் தையல்காரர். சங்கீத சாகரத்துக்குக் கீழே, ஊரே படிக்கும்படி, இது இருந்தது:

‘எங்கள் வீட்டில் பெரிய ரேடியோ ஒன்று உண்டு. அதன் திருகு என் அக்கா கணவரின் நாற்காலிப் பக்கம் இருக்கிறது. அவர் செய்தி கேட்டால் எல்லோரும் செய்தி கேட்கிறோம். அவர் தூங்கினால் ரேடியோவும் தூங்குகிறது. இந்தச் சின்ன ரேடியோ என் உள்ளங்கையில் அடங்குகிறது. நான் மாடிக்குப் போகிறேன். யாரும் கூப்பிட வேண்டாம்.’

“திருகு என் பக்கம் இருக்காம்” என்றார் அத்தான். “அது பிளக்கு இருக்கிற செவுரு. ரேடியோவை வேற எங்க வைக்கிறது?”

“ரேடியோவைத் தள்ள முடியாது, சரி. நாற்காலியைத் தள்ளலாமே.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள். காஜா எடுக்கிறவர்தான்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஆறு மணிக்கே உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார். ‘என்னுடைய கவனக்குறைவாலும் அப்போதிருந்த மனக்குழப்பத்தாலும் இந்தத் தவறு நேர்ந்தது. ஸ்டுடியோவுக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை.’ கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

“ரேடியோ கம்பெனி முதலாளி மூணு மணிக்கு வர்றேன்னு போன் பண்ணிட்டார். அவர் வரும்போது இதுல உன் கையெழுத்து இருக்கணும்.”

கோந்து படித்தாள். இரண்டு முறை படித்தாள். அவள் எதையும் இரண்டு முறை படிப்பவள்.

“இதுல போட மாட்டேன்.”

“ஏன்?”

“கவனக்குறைவுன்னு இருக்கு. ஒவ்வொரு வரியும் அளவு பாத்து எழுதியிருக்கேன் அத்தான். ஏழு வாக்கியம், ஒரு புள்ளி இடம் மாறலை. மனக்குழப்பமும் இல்லை. எழுதும்போது ரொம்பத் தெளிவா இருந்தேன். பொய்க்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“அப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ.” அத்தானின் குரல் இறங்கியது. அவர் கத்தும்போது பயப்படாதவர்களும் இதற்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள். “மாடியில சாப்பிடு, தூங்கு, யாரும் கேக்க மாட்டாங்க. கையெழுத்து இல்லைன்னா இந்த மேசை இனிமே உனக்கில்லை.”

சாய்வான அந்த மேசையில்தான் கோந்துவின் ஸ்டீல் ஸ்கேலும் கத்தரியும் ரப்பர் சொல்யூஷன் பசை டப்பாவும் இருந்தன. மேல்மாடியில் அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டு உண்டு; அதிலும் பாதியில் அத்தானின் பழைய மப்ளர்கள். உலகத்தில் அவளுடையது என்று சொல்ல ஜன்னலோரம் இருந்த இந்த மூன்றடி மரம் ஒன்றுதான்.

“மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு” என்று அவள் ஸ்கேலைத் துடைத்தாள். எனக்கொன்றும் பயமில்லை என்று காட்டத்தான். ஸ்கேல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் அத்தானுக்கு ஒரு பொறி தட்டியது. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

சுவர் நிறையச் சட்டங்கள். இரண்டு வருடமாக வாடிக்கையாளருக்குக் காட்டிய மாதிரி அட்டைகளை, தன் தலைப்புகளின் அழகுக்காக, அவரே கண்ணாடி போட்டு மாட்டியவை. மொத்தம் பதினான்கு.

“இதுலயெல்லாம்?”

“எல்லாத்துலயும் இல்லை” என்றாள் கோந்து. “பன்னிரண்டுல.”

அக்கா இத்தனை நேரமும் மூலையில் தன் பலகையில் குனிந்திருந்தாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று தெரு அவளுக்குச் சான்றிதழ் கொடுத்து வெகுநாளாகிறது. இப்போது எழுந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முதல் சட்டத்தின் முன் போய் நின்றாள்.

முதல் சட்டம், தூக்கிக்கொண்டு நடக்கும் டேப் ரிக்கார்டர். ‘பேசியதைப் பேசும் பெட்டி!!!’ அதற்குக் கீழே எட்டு பாயிண்டில்: ‘அக்கா கணவர் தான் பரிசு வாங்கிய கதையை இன்று ஆறாவது முறை சொன்னார். இதில் ஒருமுறை பதிந்துவிட்டால் ஏழாவது முறைக்கு அவர் தொண்டை நோகாது. நாங்கள் எழுந்து போனாலும் பெட்டிக்குத் தெரியாது.’

அக்காவின் முதுகு லேசாகக் குலுங்கியது. இருமலாகவும் இருக்கலாம்.

“என்ன போட்டிருக்கா?” என்றார் அத்தான்.

“ரிக்கார்டரைப் பத்திங்க” என்றாள் அக்கா.

இரண்டாவது, மூன்றாவது என்று அவள் நகர்ந்துகொண்டே போனாள். அத்தான் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. போட்டால் வயதாகிவிட்டதென்று ஆகிவிடுமாம். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

ஒன்பதாவது சட்டத்தில் அக்கா நின்றுவிட்டாள். கைக்குள் அடங்கும் கால்குலேட்டர் விளம்பரம். கோந்து ஸ்கேலைத் துடைப்பதை நிறுத்தினாள். காலையிலிருந்து அத்தான் கத்தியதெல்லாம் தார்ப்பாயில் பெய்த மழை. இது அப்படியில்லை. அந்த வரிகளை எந்த எரிச்சலில் எழுதினாள் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

‘என் அக்கா ஒரு நாளில் எத்தனை முறை ‘சரிங்க’ என்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் போதவில்லை. இந்த இயந்திரத்தில் எட்டு இலக்கம்வரை இடம் இருக்கிறது.’

அக்கா படித்தாள். தூசி இல்லாத கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். மிச்சமிருந்த சட்டங்களைப் படிக்காமல் தன் பலகைக்குத் திரும்பிவிட்டாள்.

அத்தான் மேலே போனதும் கோந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா, அது வந்து...”

“எட்டு இலக்கம் எதுக்குடி? மூணு போதாதா?”

கோந்து விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்தாள்.

“எத்தனை நாள் எண்ணினே?”

“ஒரு நாள்தான். மத்தியானத்தோட விட்டுட்டேன்.”

“எவ்வளவு வந்துது?”

“அறுபத்தொண்ணு.”

அக்கா கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்து, நுனியைக் கூராக்கி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். “மத்தியானத்துக்குள்ளயா” என்றாள், தனக்குத்தானே.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ரேடியோ முதலாளி வந்து இறங்கினார். குட்டையான மனிதர். தன் கம்பெனி டிரான்சிஸ்டரைத் தானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார். அதன் கனத்தில் சட்டையின் இடது பக்கம் மட்டும் எப்போதும் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். சாகரம் கொஞ்சம் கனம்தான்.

“சார், நடந்ததுக்கு நான் ரொம்ப...” என்று அத்தான் ஆரம்பித்தார்.

“உக்காருங்க. முதல்ல நான் சொல்லிடறேன்.” முதலாளி நெற்றியைத் துடைத்தார். “காலையிலேருந்து மூணு கடையிலேருந்து போன். பதினோரு பொம்பளைங்க வந்திருக்காங்க. சங்கீத சாகரம்னு ஒருத்தரும் கேக்கலை. மாடிக்குப் போற ரேடியோ இருக்கான்னு கேக்கறாங்க. அப்படி ஒரு மாடல் எங்கிட்ட இல்லை. கடைக்காரன் முழிக்கறான். நானும் முழிச்சேன். அப்புறம்தான் பத்திரிகையைக் கண்ணுகிட்ட வெச்சுப் படிச்சேன். ரெண்டு ஆம்பளைங்களும் வந்திருக்காங்க, இதை எழுதினவன் விலாசம் வேணும்னு. ஒருத்தர் கையில குடை இருந்துதாம், மழை இல்லை.”

“வாங்கினாங்களா சார்?” என்றார் அத்தான்.

“ஒன்பது பேர் வாங்கினாங்க.” முதலாளி இதழைப் பிரித்தார். “யார் எழுதினது இது?”

அத்தானின் முகத்தில் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வந்தன. மன்னிப்புத் தாளைப் பிடித்திருந்த கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

“எல்லாம் நம்ம யோசனைதான் சார்” என்றார். “ஸ்டுடியோன்னா ஒரு குடும்பம் மாதிரி. புதுசா ஒண்ணு பண்ணிப் பாப்போமேன்னு நான்தான்...”

“எழுதினது நான்” என்றாள் கோந்து.

“கோந்து, நீ சும்மா இரு.”

“காலையில இது என் தப்பு, ஸ்டுடியோவுக்குப் பொறுப்பு இல்லைன்னு டைப் அடிச்சுக் குடுத்தீங்க அத்தான். தப்பு என்னோடதுன்னா எழுத்தும் என்னோடது. ஒன்பது மணிக்கு ஒரு சட்டம், மூணு மணிக்கு ஒரு சட்டமா?”

எதிர்க்கடையில் மிஷின் சத்தம் இல்லை.

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். பசை உலர்ந்து தோல் உரிந்த விரல்களைப் பார்த்தார். “நீங்கதானா அம்மா. நல்லது. அடுத்த வாரமும் பக்கம் வாங்கியிருக்கேன். இதையே போடுவோம். ஆனா இப்படிப் பொடி எழுத்துல வேண்டாம். சாகரத்தை எடுத்துட்டு, இதைப் பக்கம் முழுக்க, இவ்வளவு பெரிசா.” கையை விரித்துக் காட்டினார். “சிவப்புல. தூரத்திலேருந்தே தெரியணும்.”

நியாயமாகப் பார்த்தால் கோந்து அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வரி அவளுடையது என்று ஆகிவிட்டது, மேசையும் தப்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

“பெரிசா போட முடியாது சார்.”

“ஏன், இடம் பத்தாதா?”

“இடம் இருக்கு. ஆனா பெரிசா போட்டா கத்தற மாதிரி ஆயிடும். வீட்டுல திருகு அவர் பக்கம் இருக்குன்னு ஒருத்தி தெருவுல நின்னு கத்துவாளா? சின்ன எழுத்துன்னா பத்திரிகையை மூக்குகிட்ட கொண்டுபோகணும். அப்படிக் கொண்டுபோயிட்டா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களால படிக்க முடியாது. அது அவளுக்கு மட்டும்தான். நீங்க விக்கற ரேடியோவும் அதுதானே சார்?”

முதலாளி இடது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிடம் அவருக்குப் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் பக்கத்துக்குக் காசு கொடுப்பவர் அவர். கொடுத்த இடமெல்லாம் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால் அப்படிப்பட்டவர்களுக்கு வயிறு எரியும்.

“வெள்ளைத் தாளை விக்கறதுக்கு நான் கம்பெனி நடத்தலைம்மா. சிவப்பு, பெரிசு. சனிக்கிழமைக்குள்ள வேணும். முடியாதுன்னா வேற இடம் பாத்துக்கறேன்.”

“பெரிசாத்தான் வேணும்னா வேற இடம்தான் சார்.”

“ஐயோ, அவ சின்னப் பொண்ணு, தெரியாம பேசறா” என்று அத்தான் குறுக்கே பாய்ந்தார். “பெரிசாவே போட்டுடலாம். எங்க வீட்டுல எழுத்து வரைஞ்சா அடுத்த தெருவுக்குத் தெரியும்.” அக்கா பக்கம் திரும்பினார். “நாளைக்கே ஆரம்பிச்சிடு. நல்லா நிழல் போட்டு.”

அக்கா பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினாள். துணியில் துடைத்தாள்.

“நான் வரையலைங்க.”

அத்தான் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் நின்றார். பதினைந்து வருடத்தில் கேட்காத சொல் முதல் தடவை அப்படித்தான் இருக்கும். “என்ன?”

“அவ எழுதினதை அவ சொல்ற அளவுலதான் போடணும். நான் வரையலை.”

முதலாளி எழுந்தார். இந்த வீட்டுச் சண்டைக்குத் தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கவில்லை என்று அவர் முகமே சொன்னது. வாசலில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். “அது சரி, நாங்க அனுப்பின வாசகத்தை ஏன் போடலை?”

“நீங்க அனுப்பவே இல்லையே சார்” என்றார் அத்தான்.

“போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலயே குடுத்தனுப்பினோமே. பழுப்பு உறை. வீட்டு அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்கன்னு எங்க ஆள் சொன்னான்.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“வாங்கினேன்” என்றாள் அக்கா. “மறந்திருப்பேன்.”

இந்த அக்கா தெருவில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் பல் முளைத்தது என்று சொல்லக்கூடியவள். தையல்காரர் நாலு வருடம் முன்பு இரவல் வாங்கிய ஏணியை இன்னும் மாதம் ஒருமுறை விசாரிப்பவள். அவள் மறந்தாளாம். கோந்து அவள் முகத்தையே பார்த்தாள். அக்கா பிரஷ்களை ஒவ்வொன்றாக டப்பாவில் நட்டுக்கொண்டிருந்தாள், பெரியது பின்னால், சின்னது முன்னால்.

முதலாளியின் கார் திரும்புவதற்குள் அத்தான் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த முறை கிடைத்தது அந்த மன்னிப்புத் தாள்தான். “ஒரு நல்ல கம்பெனி போச்சு. ரெண்டு பேரும் சேந்து அனுப்பி வெச்சுட்டீங்க. நான் சொன்னது சொன்னதுதான். மேசையைக் காலி பண்ணு.”

“பண்றேன்.”

“ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

“வந்திருக்காது” என்றாள் கோந்து. “அதுக்கப்புறம் எது எழுதினாலும் உங்களைக் கேட்டுத்தான் எழுதணும். மேசை உங்களுது அத்தான், வெச்சுக்குங்க.”

ஸ்கேல், கத்தரி, சொல்யூஷன் டப்பா. எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. அவள் அழுவாள் என்று தையல்காரர் எதிர்பார்த்தார். கைக்குட்டை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கூட வைத்திருந்தார் என்று கேள்வி. அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அச்சகத்துச் சந்தில், சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறைக்குக் குடிபோனாள். ஒரு ஜன்னல், ஒரு பல்பு. எலி வளையானாலும் தனி வளை. அவளுடைய எட்டு பாயிண்ட் வரிகளை இரண்டு வருடம் கோத்துக் கொடுத்த அச்சகத்து மனிதருக்கும் அவளுக்கும் தெரு ஒரு வாரத்துக்குள் கல்யாணமே செய்துவைத்துவிட்டது. அவர் பைண்டிங் பிரிவில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகுதான் தெரு வாயை மூடியது.

ரேடியோ முதலாளி பெரிய எழுத்தை, சிவப்பில், வேறொரு ஸ்டுடியோவில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் கடைகளில் யாரும் எந்த ரேடியோவையும் கேட்டு வரவில்லை. குடையோடு ஆட்கள் மட்டும் ஏழு பேர். பத்து நாள் கழித்து அவர் சைக்கிள் கடை மாடிப்படியில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கும்போது முகம் எப்படி இருந்தது என்பதில்தான் இரண்டு கட்சி.

மாதக் கடைசியில் அக்கா கிளம்பினாள். “ரெண்டு நாள் தங்கச்சிகிட்ட இருந்துட்டு வர்றேங்க” என்றாள். ஒரு பெட்டி, ஒரு போர்வை. அதோடு, பதினைந்து வருடமாகச் சுவரோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்த வரையும் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தேக்குப் பலகை, ஓர் ஆளால் தூக்க முடியாது. அத்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மறுமுனையைப் பிடித்து வண்டிவரை தூக்கிக் கொடுத்தார்.